கடைசியில் டி.டி.பி. பார்த்துக்கொள்ளுமா?

கோவையில் எதையாவது எழுதி அச்சுக்குக் கொண்டுபோகிறவர்களிடம் ஒரு வேதவாக்கு உண்டு: “மேட்டரை மட்டும் குடுங்க, மத்ததெல்லாம் டி.டி.பி.யில பாத்துக்கலாமுங்க.” கல்லூரிப் பேராசிரியர் இதைச் சொல்வார். பம்புசெட் கம்பெனி மேலாளர் சொல்வார். குலதெய்வக் கோயில் வரலாறு எழுதும் ஓய்வுபெற்ற தமிழாசிரியரும் சொல்வார். வேறு எதிலும் ஒத்துப்போகாத மூவரும் இதில் மட்டும் ஒரே கட்சி.

இந்த வாக்குக்குள் ஒரு கொள்கை இருக்கிறது. எழுத்து கச்சாப்பொருள், அச்சுக்குப் போகும் பக்கம்தான் சரக்கு என்பது அந்தக் கொள்கை. டி.டி.பி. என்கிற கணினிப் பக்க வடிவமைப்பில் ஒருவர் திரைக்கு முன் உட்கார்ந்து, மவுஸைப் பிடித்து, கண்ணால் பார்த்துப் பார்த்து அடுக்கினால்தான் பக்கம் வரும் என்பது அதன் துணைக்கொள்கை. சாதாரண உரைக்கோப்பில் தலைப்புக்கு ஒரு குறி, பட்டியலுக்கு ஒரு குறி, அழுத்தத்துக்கு இரண்டு நட்சத்திரம் என்று போட்டு எழுதி, அதிலிருந்து புத்தகமும் கையேடும் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், “அது ஐ.டி. பசங்க வேலைங்க, இங்கிலீஷுக்கு ஆகும், தமிழுக்கு ஆகாது” என்று பேச்சை முடித்துவிடுவார்கள்.

இந்தக் கொள்கை தவறு. முப்பது ஆண்டுகளாகத் தமிழ் இதற்குக் கொடுத்துவரும் விலையும் கொஞ்சமல்ல.

எதிர்த்தரப்புக்கு உரிய நியாயத்தை முதலில் கொடுத்துவிடலாம். 1990களில் தமிழில் கணினி அச்சுக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆல்டஸ் நிறுவனம் 1985இல் கொண்டுவந்து, பின்னர் அடோபியின் கைக்குப் போன பேஜ்மேக்கர்தான் நம் ஊர் அச்சகங்களை ஈய எழுத்திலிருந்து விடுவித்தது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர் வைத்துத் தொடங்கிய சின்னச் சின்னக் கடைகள் இல்லாமல் சிறுபத்திரிகைகளும் கவிதைத் தொகுப்புகளும் கும்பாபிஷேக மலர்களும் அத்தனை எளிதாக வந்திருக்காது. மூன்றாம் ப்ரூஃபுக்கும் முகம் சுளிக்காமல் இரவு பதினொரு மணிக்குத் திருத்தம் போட்டுத் தந்த ஆபரேட்டர்களுக்குத் தமிழ்ப் பதிப்புலகம் கடன்பட்டிருக்கிறது. அவர்களுடைய கைத்திறனோடு எனக்குச் சண்டை இல்லை. அவர்கள் கையில் நாம் எதை ஒப்படைத்தோம், எதைத் திரும்ப வாங்கவில்லை என்பதுதான் கேள்வி.

அந்தக் காலத்து ஏற்பாட்டில், ஆங்கில எழுத்துக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த எழுத்துருக்களைக் கொண்டு வேலை நடந்தது. திரையில் தெரிந்தது தமிழ். கோப்புக்குள் கிடந்ததோ ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பை. குறிப்பிட்ட எழுத்துரு அந்தக் கணினியில் இருக்கும்வரை அது தமிழாகத் தெரியும். இல்லாத கணினியில் திறந்தால் “ஃபான்ட் உடைஞ்சிருச்சுங்க” என்பார்கள். ஒவ்வொரு எழுத்துரு நிறுவனத்துக்கும் ஒரு தனி அடுக்குமுறை. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்’99 மாநாடு தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் என்ற குறியாக்கங்களையும் முன்வைத்து ஒழுங்குபடுத்தப் பார்த்தது. கடைகளில் அவரவர் எழுத்துரு அவரவர்க்கு என்றே தொடர்ந்தது. பேஜ்மேக்கரின் 7ஆம் பதிப்பு 2001இல் வந்தது. அதுவே கடைசி. 2004இல் அடோபி அதன் வளர்ச்சியை நிறுத்திவிட்டது.

இனி, இருபது ஆண்டுக்கு முன் அச்சான ஒரு நூலைத் திருத்தி மறுபதிப்புப் போட முயன்று பாருங்கள். பதிப்பகத்திடம் சி.டி. இருக்கும். சி.டி.யில் கோப்பும் இருக்கலாம். கோப்பைத் திறக்கும் மென்பொருள் இருக்காது. அது கிடைத்தாலும் எழுத்துரு கிடைக்காது. கடைசியில் பெரும்பாலும் அச்சான பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியதுதான். விதைநெல்லை விற்றுவிட்டு அரிசியைக் குதிரில் பூட்டிவைத்த கதை இது.

இதே காலத்தில் வேறு வழியில் போனவர்கள் இருந்தார்கள். 1998 பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்த வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாட்டுத் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து அனுப்பினார்கள். அவர்களுக்கும் எழுத்துருத் தொல்லை இருந்தது. பழைய குறியாக்கத்திலிருந்து டிஸ்கி என்ற தமிழ்க் குறியாக்கத்துக்கும், டிஸ்கியிலிருந்து உலக மொழிகளுக்குப் பொதுவான யூனிகோடுக்கும் மாற வேண்டியிருந்தது. ஆனால் நூல்கள் சாகவில்லை. அவர்கள் காப்பாற்றியது எழுத்தை. பழைய எழுத்துக்குப் புதிய எழுத்து எது என்று ஓர் அட்டவணை இருந்தால் மாற்றும் வேலையைக் கணினியே முடித்துவிடும். பக்கத்தைக் காப்பாற்றியவர்களுக்கு அந்த வாய்ப்பு எளிதில் கிடைக்கவில்லை.

“அதெல்லாம் பழைய கதை, இப்போது யூனிகோடு வந்துவிட்டதே” என்பார்கள். யூனிகோடு வந்தது உண்மை. 1991இல் வெளியான முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. 2010 ஜூன் 23 முதல் 27 வரை நம் கோவையிலேயே உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. கூடவே உத்தமம் அமைப்பின் தமிழ் இணைய மாநாடும். அதையொட்டித்தான் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. யூனிகோடு வேலை செய்யாத இடங்களுக்கு மட்டும் டேஸ்16 என்ற குறியாக்கத்துக்கு இடம் விட்டது. அந்த ஆணையை ஒட்டிய மாநாடு நடந்த ஊர் இது. ஆனால் கண்ணால் பார்த்து அடுக்கும் பழக்கம் இங்கேயே அசையாமல் நிற்கிறது.

அந்தப் பழக்கம் யூனிகோடுக்குள்ளும் புகுந்து எழுத்தைக் கெடுக்கிறது. கோவைக்கு வடக்கே ஓடி நொய்யலில் சேரும் ஆற்றின் பெயரைப் பாருங்கள். ஔகாரக் குறியோடு ‘கௌசிகா’ என்று எழுத வேண்டும். ‘கெ’ போட்டு, பக்கத்தில் ‘ள’ போட்டுக் ‘கெளசிகா’ என்று தட்டியவையும் ஏராளம். தாளில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிவதால் ப்ரூஃப் பார்ப்பவர் கண்ணில் படாது. கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. பார்வையற்ற வாசகருக்குத் திரைவாசிப்பான் ‘கெ-ள-சிகா’ என்றே படித்துக்காட்டும். துணைக்காலுக்குப் பதில் ‘ர’ தட்டுவதும் இதே வகைதான். பக்கம் அழகாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் கொள்கையில் இவை பிழைகளே அல்ல. எழுத்துதான் மூலம் என்று நினைப்பவருக்கு இவை ஆற்றையே காணாமல் அடிக்கும் பிழைகள்.

வரி முடிவில் எண்டர் தட்டுவதும் அப்படித்தான். சொல் நீளமாக இருக்கிறது, வரியில் இடைவெளி விழுகிறது என்று ஆபரேட்டர் சொல்லை வெட்டி, ஒரு கோடு போட்டு, எண்டர் தட்டி அடுத்த வரிக்குத் தள்ளுவார். டெம்மி அளவுக்கு அது சரியாக உட்காரும். அதே உரையைச் செல்பேசியில் படிக்கக் கொடுத்தால் வரியின் நடுவில் கோடுகள் முளைத்து நிற்கும். ஒரே ஓர் அளவுத் தாளுக்காக மூலத்தையே வெட்டியாகிவிட்டது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எழுத்தாளர் வேர்டு கோப்பைக் கொடுக்கிறார். ஆபரேட்டர் அதை லேஅவுட்டில் ஊற்றுகிறார். முதல் ப்ரூஃப், இரண்டாம் ப்ரூஃப், மூன்றாம் ப்ரூஃப் என்று திருத்தங்கள் வருகின்றன. எல்லாம் தாளில் சிவப்பு மையில் எழுதப்பட்டு லேஅவுட் கோப்பில் மட்டும் போடப்படுகின்றன. புத்தகம் வெளிவரும் நாளில் எழுத்தாளரிடம் இருப்பது பிழைகள் நிறைந்த பழைய கோப்பு. சரியான வாசகம் அச்சகத்தின் ஒரு கணினியில், அந்த மென்பொருளுக்குள் இருக்கிறது. தன் நூலின் திருந்திய வாசகம் நூலாசிரியரிடமே இல்லை. இந்த ஏற்பாட்டைத்தான் நாம் ‘எளிது’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

மாற்று என்ன? பெரிய வித்தை எதுவும் இல்லை. ஜான் குருபர் 2004இல் மார்க்டவுன் என்ற எழுதும் முறையை வெளியிட்டார். எந்த உரைத்திருத்தியிலும், செல்பேசியிலும்கூட எழுதலாம். கோவைக்குப் பழக்கமான ஒரு பொருளையே எடுத்துக்கொள்வோம். பம்பு கையேட்டின் ஒரு துண்டு இப்படி இருக்கும்:

# மோட்டாரை இயக்கும் முன்
- மூன்று பேஸும் வருகிறதா என்று பார்க்கவும்
- எர்த் இணைப்பைச் சரிபார்க்கவும்
- தண்ணீர் இல்லாமல் ஓட்டக் கூடாது

இதைப் படிக்கத் தனி மென்பொருள் எதுவும் வேண்டாம். ‘#’ இருந்தால் தலைப்பு, சிறு கோடு இருந்தால் பட்டியல், நட்சத்திரங்களுக்கு நடுவில் இருப்பது அழுத்தம். தலைப்பு எத்தனை புள்ளி அளவு, என்ன நிறம், பக்க எண் மேலேயா கீழேயா என்பதெல்லாம் இதில் இல்லை. அவை வார்ப்புரு என்ற இன்னொரு கோப்பில் ஒரே ஒருமுறை எழுதப்படும். இரண்டையும் சேர்த்துத் தாளாக்கும் கருவிகளில் பெயர்பெற்றது பேண்டாக். 2006இல் அதை எழுதியவர் ஜான் மெக்ஃபார்லேன், பெர்க்லியில் தத்துவப் பேராசிரியர். ‘ஐ.டி. பசங்க வேலை’ என்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

இப்போது ஒரு சப்மெர்சிபிள் பம்பு கம்பெனியின் நிலையைப் பாருங்கள். கையேடு தமிழில் வேண்டும். சரக்கு ஆந்திரத்துக்கும் கர்நாடகத்துக்கும் வடக்கேயும் போவதால் தெலுங்கு, கன்னடம், இந்தி, ஆங்கிலமும் வேண்டும். இன்றைய வழக்கப்படி இது ஐந்து லேஅவுட் கோப்பு. கெபாசிட்டரின் அளவு ஒன்று மாறினால் ஐந்தையும் திறந்து, ஐந்து இடத்தில் திருத்தி, ஐந்து ப்ரூஃப் பார்க்க வேண்டும். கன்னடக் கோப்பில் மட்டும் பழைய எண் தங்கிவிட்டால் தெரிய வருவது புகார் வந்த பிறகுதான். உரைக்கோப்பாக வைத்திருந்தால் ஐந்து மொழிக்கும் ஒரே அமைப்பு, ஒரே வார்ப்புரு, எண்களுக்கு ஒரே அட்டவணை. அட்டவணையில் ஒருமுறை மாற்றினால் ஐந்து பி.டி.எஃப். வரும்; டீலருக்கு வேர்டு கோப்பும், வாட்ஸ்அப்பில் அனுப்பச் சின்னத்திரை அளவுப் பக்கமும் அதிலிருந்தே வரும். எந்த வரியை யார் எந்தத் தேதியில் மாற்றினார்கள் என்ற பதிவையும் வைத்துக்கொள்ளலாம். தரச் சான்றிதழுக்கு ஆடிட்டர் வரும்போது பழைய கோப்புகளைத் தேடி அலைகிற கம்பெனிகளுக்கு இதன் அருமை தெரியும்.

ஒரு மூலம், பல வடிவம் என்பது தமிழில் ஏற்கெனவே நடப்பதுதான். கணியம் நண்பர்கள் நடத்தும் ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளத்தில் ஒரே நூல் இபப், மொபி, ஏ4 பி.டி.எஃப்., ஆறு அங்குலக் கருவிக்கான பி.டி.எஃப். என்று கிடைக்கிறது. ஊதியம் வாங்காத தன்னார்வலர்கள் செய்வதை, லாபத்தோடு நடக்கும் நிறுவனங்கள் ‘முடியாது’ என்பது எப்படி?

“தமிழ் சரியாக வராது” என்ற வாதத்துக்கு வருவோம். ‘கொ’ என்ற எழுத்தில் மெய்யைத் தொடர்ந்து ஒரே குறிதான் சேமிக்கப்படுகிறது. தாளில் அது இரண்டாகப் பிரிந்து ‘க’வின் இருபுறமும் நிற்க வேண்டும். பேண்டாக் பி.டி.எஃப். எடுக்கப் பயன்படுத்தும் அச்சுக்கோப்பு மென்பொருள் டெக்; இந்த வித்தை தெரியாத அதன் பழைய இன்ஜின்களில் தமிழ் சிதறித்தான் வந்தது. ஆனால் ஜோனதன் கியூ 2004இலேயே ஸீடெக்கை வெளியிட்டுவிட்டார். அது யூனிகோடை நேராகப் படித்து, கணினியில் உள்ள எழுத்துருவையே எடுத்துக்கொள்ளும். இன்று ஆண்ட்ராய்டு செல்பேசியில் தமிழைச் சரியாக அடுக்கிக் காட்டும் ஹார்ஃப்பஸ் நூலகம் ஸீடெக்குக்குள்ளும் இருக்கிறது. பேண்டாக்கில் பலர் முதல் தடவையே தோற்பதற்குக் காரணம், அது எதுவும் சொல்லாவிட்டால் பழைய இன்ஜினையே எடுத்துக்கொள்வது. ஸீடெக்கை உபயோகி, எழுத்துரு நோட்டோ செரிஃப் தமிழ் என்று இரண்டு விவரம் கொடுத்தால் தமிழ் வரும். வரி முடிவில் சொல்லை எந்த இடத்தில் வெட்டலாம் என்ற தமிழ் விதிகளும் டெக் தொகுப்பில் இருக்கின்றன. ஆபரேட்டர் எண்டர் தட்டிச் செய்ததை அவை மூலத்தைத் தொடாமல் செய்கின்றன. இத்தனைக்கும் பிறகு ‘தமிழுக்கு ஆகாது’ என்பது சோதித்துப் பார்க்காத சோம்பல்.

“வேர்டு போதுமே” என்பது அடுத்த வாதம். வேர்டில் தலைப்புக்கென்று ‘ஸ்டைல்’ வசதி பல்லாண்டுகளாக இருக்கிறது. அதைப் பயன்படுத்துவோர் எத்தனை பேர்? நம் கல்லூரிகளின் புராஜெக்ட் ரிப்போர்ட்டுகளில் பொருளடக்கத்தைக் கையால் தட்டி, புள்ளி புள்ளியாக வைத்து, பக்க எண்ணையும் கையால் போடுகிறார்கள். நடுவில் ஒரு படம் சேர்ந்தால் எல்லாம் நகர்ந்துபோகும். பிறகு ஸ்பைரல் பைண்டிங் கடை வாசலில் நின்று எண்களைத் திருத்துவார்கள். சாதாரண உரையில் எழுதுகிறவருக்கு அமைப்பைக் குறிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. எண்ணும் பொருளடக்கமும் தானாக வரும். கைடு வேர்டுதான் கேட்கிறார் என்றால் அதே உரையிலிருந்து ஒழுங்கான ஸ்டைலோடு வேர்டு கோப்பை எடுத்துக் கொடுக்கலாம். சண்டை வேர்டோடு இல்லை, வேர்டை மூலமாக வைத்துக்கொள்வதோடுதான்.

“பி.டி.எஃப். இருக்கிறதே, அது போதாதா” என்பவர்கள், தமிழ் பி.டி.எஃப். ஒன்றிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பார்க்கட்டும். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறுவது சகஜம். தாளில் எந்த வடிவம் எங்கே நிற்கிறது என்பதுதான் அந்தக் கோப்புக்குத் தெரியும். எழுத்தை மீட்டுத் தருவது அதன் முதல் வேலை அல்ல. அச்சகத்துக்கு அனுப்ப அதைவிட நல்லது இல்லை. சேமித்துவைக்க அதைவிட மோசமானது குறைவு.

எல்லாவற்றுக்கும் இதுவே வழி என்று நான் சொல்லவில்லை. கல்யாணப் பத்திரிகை, ஃப்ளெக்ஸ், துணிக்கடை விளம்பரம், படமும் எழுத்தும் பின்னிக் கிடக்கும் இதழ்ப் பக்கம் ஆகியவை கண்ணால் அடுக்க வேண்டியவை. கட்டங்களை இணைத்துப் போடும் சிக்கலான அட்டவணைகள் மார்க்டவுனில் படுத்தும். உரையை வலைப்பக்கமாக்கிப் பிரவுசரில் ‘பிரிண்ட்’ கொடுத்து எடுத்த பி.டி.எஃப்.பில் கறுப்பு எழுத்து மூன்று நிறக் கலவையாக இருக்கும். ஆப்செட்டுக்குப் போனால் நான்கு பிளேட்டிலும் எழுத்து விழுந்து, பதிவு சற்றே விலகினாலும் ஓரம் மங்கும். ஸீடெக்கில் எடுத்தால் சாதாரண எழுத்துக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் வித்தியாசம் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். முதல் வார்ப்புருவை எழுதுவதும் ஒரு மாலையில் முடிகிற வேலை அல்ல. இவை உண்மையான குறைகள். நாவல், ஆய்வேடு, கையேடு, சங்க ஆண்டறிக்கை, பாடக்குறிப்பு, கோயில் வரலாறு என்று பெரும்பாலும் எழுத்தாகவே இருக்கிற ஆவணங்களுக்கு இந்தக் குறைகளில் பல பொருந்துவதே இல்லை.

கடைசியாக எழும் வாதம் மனதைத் தொடுவது. “டி.டி.பி. கடைக்காரர் பிழைப்பு என்னாவது?” பக்கத்துக்கு இவ்வளவு என்று தட்டச்சுக்கு வாங்கும் கூலி ஏற்கெனவே கரைந்துகொண்டிருக்கிறது. எழுதுகிறவர்கள் செல்பேசியில் தாமே தட்டுகிறார்கள், பேசியும் எழுத வைக்கிறார்கள். அதை எந்தக் கொள்கையும் தடுக்கப்போவதில்லை. எந்த இடத்தில் கண் உறுத்தும், எந்த எழுத்துரு எந்தத் தாளில் எடுபடும், ஃபாரம் கணக்கு எப்படிப் போடுவது, பிளேட்டில் எது பழுதாகும் என்று தெரிந்தவர்கள் அவர்கள்தான். வார்ப்புரு எழுத அவர்களைவிடத் தகுந்தவர் இல்லை. சி.டி.களில் சிறைப்பட்டிருக்கும் பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மீட்கும் வேலையும் அவர்களுக்கே உரியது. எண்டர் தட்டுவதையே அவர்களின் தொழில் என்று நினைப்பவர்கள்தான் அவர்களைக் குறைத்து மதிக்கிறார்கள்.

அறிவியலைத் தமிழில் எழுதி அச்சிட முடியும் என்று காட்டிய கலைக்கதிர் இதழை ஜி.ஆர். தாமோதரன் நடத்திய ஊர் இது. அச்சிடும் கருவி அன்று ஈயம், இன்று லேசர். எது மாறினாலும் அடுத்த தலைமுறைக்குப் போய்ச்சேர வேண்டியது வாசகம்தான். எனவே செய்ய வேண்டியவை சில. திருந்திய வாசகத்தை யூனிகோடு உரைக்கோப்பாக ஆசிரியரிடம் தர வேண்டும் என்று பதிப்பு ஒப்பந்தங்களில் ஒரு வரி சேர்க்கலாம். கல்லூரிகள் முதலாண்டிலேயே ஒரு வகுப்பு ஒதுக்கி, குறியிட்டு எழுதக் கற்றுத்தந்து, ரிப்போர்ட்டுக்கு ஒரு பொது வார்ப்புருவைக் கொடுக்கலாம். தொழில் சங்கங்கள் கையேட்டுக்கும் சோதனைச் சான்றிதழுக்கும் பன்மொழி வார்ப்புருவைச் செய்து உறுப்பினர்களுக்கு இலவசமாக வழங்கலாம்.

இவை எதற்கும் காத்திருக்காமல் நீங்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அச்சு வேலை முடிந்து பில் போடும்போது, கடைசித் திருத்தம் வரை சேர்ந்த உரைக்கோப்பையும் கேளுங்கள். அது பில்லில் வராது என்றால், காசு கொடுத்து நீங்கள் வாங்கியது தாளை மட்டும்தான்; உங்கள் எழுத்தை இன்னும் வாங்கவில்லை.